முப்பத்தைந்தின் மூலம்

வள்ளித்தாய் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மருந்து ரூமிலிருந்து பேக்கிங் செட்டுக்கு மாற்றிவிட வேண்டும். அதற்கு வர்க்கமூலம் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

எம். புதுப்பட்டிக்கு மேற்கே இருக்கும் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவள் புஸ்வாணக் கூம்புக்குள் மருந்து செலுத்துகிறவள். ஓடுவதற்குத் தோதாகச் சுற்றிலும் வாசல் வைத்த சின்ன அறை. உள்ளே எத்தனை பேர் இருக்கலாம் என்று சுவரில் எழுதியிருக்கும். சீசன் வந்துவிட்டால் அந்த எழுத்தின் மேலேயே ஆள் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். போன சீசனில் பக்கத்து அறை போய்விட்டது. 'போயிருச்சு' என்றுதான் அங்கே சொல்வார்கள். எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகள் மட்டும் சாயங்காலம் வரை ஜோடி கலையாமல் கிடந்தன.

அதற்குப் பிறகு வள்ளித்தாய்க்குக் கூம்பைப் பிடித்தால் கை நடுங்கியது. நடுங்குகிற கையோடு மருந்து ரூமில் உட்காருவது அவளுக்கும் நல்லதில்லை, பக்கத்தில் இருப்பவர்களுக்கும் நல்லதில்லை. பேக்கிங் செட் தள்ளி இருக்கிறது, கூப்பிட்டால் கேட்காத தூரத்தில். அங்கே பெட்டி எண்ணுகிற சூப்பர்வைசர் வேலை காலியாக இருந்தது. மேனேஜரிடம் போய் நின்றாள்.

"எண்ணத் தெரியுமாம்மா?"

"தெரியும்யா."

"எண்ணத் தெரிஞ்சா போதாது. கழகத்துச் சான்றிதழ் வேணும். வாங்கிட்டு வா, சீசனுக்குள்ள மாத்தி விடுறேன்."

கழகம் என்றால் கந்தகபூமித் தொழிலாளர் கணித மேம்பாட்டுக் கழகம். அதன் நிறுவனர், தலைவர், ஆயுட்காலப் புரவலர் மூன்று பேரும் சீனிவாசகம் என்ற ஒரே ஆள்தான். வள்ளித்தாய் வேலை பார்க்கும் கம்பெனியும் அவருடையது. சிவகாசியில் காலண்டர் அச்சகமும் உண்டு. நம் தொழிலாளர்களுக்குக் கணித அறிவு குறைவு என்று யாரோ ஒரு கூட்டத்தில் பேச, அதைக் கேட்டு அன்றே கண் கலங்கிக் கழகத்தைத் தொடங்கியதாக வரலாற்று மலரில் போட்டிருக்கிறார்கள். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கில் எவ்வளவு வாங்கினார் என்பது மலரில் இல்லை.

வகுப்பு ஞாயிற்றுக்கிழமைகளில், ஆமத்தூரில் ஒரு பழைய அரிசி ஆலைக்குள் நடந்தது. கூடவே மருந்து செலுத்தும் சுப்புத்தாயையும் இழுத்துக்கொண்டு வள்ளித்தாய் போனாள். ஆசிரியர் கண்ணுச்சாமி. ஒரு டுடோரியலில் வேலை பார்த்து, அந்த டுடோரியல் மூடியதும் கழகத்துக்கு வந்தவர். யாரையும் அடிக்காத, யாருக்கும் எதையும் விளங்க வைக்காத, நல்ல மனிதர்.

"சார், வர்க்கமூலம்னா என்னது சார்?" என்று முதல் நாளே வள்ளித்தாய் கேட்டாள்.

"அது பரீட்சைக்கு வராதும்மா. 'வர்க்கமூலம் காண்க' அப்படின்னுதான் வரும்."

"என்னதுன்னு தெரியாம எப்படி சார் காங்கிறது?"

"கைடுல இருக்கு. அப்படியே பாத்து மனப்பாடம் பண்ணுங்க."

"மூலத்துக்குக் கருணைக்கிழங்குதான்டீ நல்லது," என்று சுப்புத்தாய் காதோரம் சொன்னாள். "இவரு கைடைக் கரைச்சுக் குடிக்கச் சொல்லுறாரு."

கைடு சீனிவாசகத்தின் அச்சகத்திலேயே அடித்தது. அட்டையில் ராக்கெட் படம். ராக்கெட்டுக்கு மேலே தலைவர் படம். உள்ளே ஏழே ஏழு வர்க்கமூலக் கணக்குகள். பரீட்சையில் வருவதும் அந்த ஏழுதான். நான்காவது கணக்கில் அச்சுப்பிழை. 144-இன் வர்க்கமூலம் 12 என்பதற்குப் பதில் 21 என்று விழுந்திருந்தது. பிழையைக் கண்டுபிடித்தபோது அத்தனை பிரதியும் அடித்து முடித்திருந்தார்கள். எனவே கழகத்தின் எல்லைக்குள் 144-இன் வர்க்கமூலம் 21 என்று இருக்கட்டும் எனத் தீர்மானம் போட்டார்கள். 12 என்று எழுதியவர்களுக்கு, கையெழுத்து நன்றாக இருந்தால் ஒரு மதிப்பெண் உண்டு.

வள்ளித்தாய் பாடுபட்டுப் பார்த்தாள். கம்பெனி வேனில் போகும்போதும் வரும்போதும் கணக்குகளை முணுமுணுத்தாள். ஓட்டமாகச் சொன்னால் வரும். நடுவில் யாராவது 'சாப்பிட்டியா' என்று கேட்டுவிட்டால் மூன்றாம் கணக்கின் வாலும் ஐந்தாம் கணக்கின் தலையும் ஒட்டிக்கொண்டுவிடும். பரீட்சைக்கு முந்தின வகுப்பில் கண்ணுச்சாமி எல்லோருக்கும் பொதுவாக ஓர் உபாயம் சொன்னார்.

"எந்தக் கேள்வியையும் வெறுமனே விட்டுட்டு வந்துறாதீக. ஒண்ணும் தெரியலையா, வர்க்கமூலக் குறியை மட்டுமாவது போட்டு வைங்க. குறிக்கு மார்க் உண்டு."

வர்க்கமூலக் குறி போடுவது சுலபம். சரி என்று டிக் அடிப்பது போலத்தான், மேலே ஒரு கோடு இழுத்துவிட வேண்டும். வள்ளித்தாய்க்கு அது பிடித்திருந்தது. பரீட்சை அன்று மூன்று கணக்கு ஒழுங்காக வந்தது. மற்றதெல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிட்டது. மிச்சமிருந்த நேரத்தில் தாளில் எங்கெல்லாம் இடம் கிடந்ததோ அங்கெல்லாம் குறியைப் போட்டாள். அவசரத்தில் பலவற்றுக்கு மேல்கோடு இழுக்கவில்லை.

முப்பத்து நாலு மதிப்பெண் வந்தது. தேர்ச்சிக்கு முப்பத்தைந்து. சுப்புத்தாய் பன்னிரண்டு வாங்கி, அதோடு நிம்மதியாகிவிட்டாள். "எனக்குத் தலையெழுத்து மருந்து ரூம்தான். நீ விடாத வள்ளி. ஒத்த மார்க்குத்தானே, கேளு."

ஒரு மதிப்பெண்ணைத் திருத்தச் சொல்லிக் கேட்க முடியாது, ஆனால் மறுபடியும் கூட்டிப் பார்க்கச் சொல்லலாம் என்று கண்ணுச்சாமி விளக்கினார். மறுகூட்டல் வேறு, மறுமதிப்பீடு வேறு. மறுகூட்டலில் விடைத்தாளை யாரும் வாசிக்க மாட்டார்கள். டிக்குகளை மட்டும் எண்ணுவார்கள். ஒரு டிக் ஒரு மதிப்பெண். அதுவும் அசல் தாளை அல்ல. அசலை மூட்டை கட்டி அரக்கு வைத்துவிடுவார்கள். அதற்கு முன்பே எடுத்து வைத்த ஜெராக்ஸைத்தான் எண்ணுவார்கள்.

எண்ணுகிறவர் தங்கச்சாமி. ஆயுள் முழுக்க அச்சகத்தில் காலண்டர் தாள் எண்ணி ஓய்வு பெற்றவர். சரக்கென்று விரலால் தள்ளி எண்ணுவார், ஒன்று கூடாது, குறையாது. ஜெராக்ஸில் வாத்தியாரின் சிவப்பு மையும் வள்ளித்தாயின் நீல மையும் ஒரே கறுப்பாக இறங்கியிருந்தன. தங்கச்சாமி எண்ணினார். நூற்று இருபத்தொன்று வந்தது. சந்தேகப்பட்டு இன்னொரு தடவை எண்ணினார். நூற்று இருபத்தொன்றுதான். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

நூற்றுக்கு நூற்று இருபத்தொன்று வாங்கிய வள்ளித்தாய், விருதுநகரில் கழகத்தின் அவசரக் கூட்டத்துக்கு நேரில் வர வேண்டும் என்று ஆள் வந்து சொன்னது.

கழகக் கட்டடத்தில் ஒவ்வொரு மின்விசிறி இறக்கையிலும் உபயதாரர் பெயர் எழுதியிருந்தது. பெயர் தெரிய வேண்டும் என்பதற்காக விசிறியை மெதுவாகத்தான் ஓட விடுவார்கள். டியூப் லைட்டுகளில் பெயர் பெரிதாக இருந்ததால் வெளிச்சம் ஓரங்களில் மட்டும் வந்தது. நீள மேசையின் தலைமாட்டில் சீனிவாசகம். பக்கத்தில் செயலாளர் பொன்னுத்தங்கம், கையில் விதிப் புத்தகம். தங்கச்சாமியும் கண்ணுச்சாமியும் சுவரோரம் நின்றார்கள். வள்ளித்தாய் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்றாள். செருப்பை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"விதி பதினாலு," என்று பொன்னுத்தங்கம் வாசித்தார். "மறுகூட்டலில் வந்த மதிப்பெண்ணே இறுதியானது. அதைக் குறைக்க இயலாது. விதி ஒன்பது. எந்தத் தேர்வருக்கும் நூற்றுக்கு மேல் மதிப்பெண் கிடையாது."

"ரெண்டும் யாரு எழுதுனது?" என்று கேட்டார் சீனிவாசகம்.

"நீங்கதான் அண்ணாச்சி."

"ரெண்டும் நல்ல விதியாத்தான் இருக்கு."

"அய்யா," என்றார் தங்கச்சாமி, "அதுல பாதிக்கு மேல டிக் இல்லீங்க போல. அந்தம்மாவே போட்டுக்கிட்ட வர்க்கமூலமாம். வாத்தியார் இப்பத்தான் சொல்லுறாரு."

"நீரு எண்ணும்போது வாசிச்சீரா?"

"இல்லீங்கய்யா. விதிப்படி எண்ணத்தான் செஞ்சேன்."

"அப்ப இப்ப எதுக்கு வாசிக்கீரு? மறுகூட்டல்ல வாசிக்கக் கூடாது."

தங்கச்சாமி மறுபடி சுவரோடு சாய்ந்தார். சீனிவாசகம் எழுந்து, சட்டைப் பையைத் தடவிவிட்டுக்கொண்டு பேசினார். உட்கார்ந்து பேசினால் தீர்மானம், எழுந்து பேசினால் உரை. உரை என்றால் பொன்னுத்தங்கம் குறிப்பெடுப்பார்.

"பெரியோர்களே. நானும் ஒரு காலத்துல ஒண்ணுமில்லாம இருந்தவன்தான், எங்க அப்பாவுக்கு ரெண்டு கம்பெனி இருந்ததைத் தவிர. கணிதம் எதுக்குன்னு என்னைக் கேட்டீகன்னா, தொழிலாளி கேள்வி கேக்காம கணக்குப் போடப் பழகணும். அதுக்குத்தான். இப்ப நமக்கு முன்னால ஒரு பெரிய நம்பர் நிக்குது. அதைக் குறைக்கக் கூடாது. ஆனா அது சின்னதாகணும். இதுக்குத்தானே அய்யா நம்ம முன்னோர் வர்க்கமூலத்தைக் கண்டுபிடிச்சாக! வாத்தியாரே, நூத்தி இருபத்தொண்ணுக்கு வர்க்கமூலம் என்ன?"

அது கைடில் இரண்டாவது கணக்கு. "பதினொண்ணு," என்றார் கண்ணுச்சாமி, தன்னையறியாமல்.

"திருப்பிப் போட்டாலும் பதினொண்ணு," என்று பொன்னுத்தங்கம் மகிழ்ந்தார். "அச்சுப்பிழைக்கே வழியில்ல."

"நாம குறைக்கல," என்றார் சீனிவாசகம். "மூலத்தைக் கண்டோம். அவ்வளவுதான்."

கைடைப் புரட்டிய பொன்னுத்தங்கத்தின் முகம் சுருங்கியது. "அண்ணாச்சி, இதுல ரெண்டு விடை போட்டிருக்கு. கூட்டல் பதினொண்ணு, கழித்தல் பதினொண்ணு."

"கழித்தல்னா?"

"அந்தம்மா நமக்குப் பதினொரு மார்க் குடுக்கணும்."

எல்லோரும் வள்ளித்தாயைப் பார்த்தார்கள். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். தன்னிடம் மார்க் எதுவும் இருப்பதாக அவளுக்கு நினைவில்லை.

"வேண்டாம்," என்று சீனிவாசகம் பெருந்தன்மையாகக் கையை வீசினார். "நம்ம கழகம் கொடுத்துத்தான் பழக்கம். கூட்டலையே போடு."

"அய்யா," என்றாள் வள்ளித்தாய். "முப்பத்து நாலு வாங்கியிருந்தேன். ஒத்த மார்க்குத்தான் குறைஞ்சுது. எண்ணிப் பாக்கச் சொன்னேன். எண்ணிப் பாத்து நூத்தி இருபத்தொண்ணுன்னீக. இப்பப் பதினொண்ணுங்கீக. நான் பாஸா பெயிலாய்யா?"

"முப்பத்தஞ்சுக்குப் பதினொண்ணு எடுத்தா என்னம்மா அர்த்தம்?"

அப்போது சுவரோரத்திலிருந்து கண்ணுச்சாமியின் குரல் வந்தது. அவர் நியாயம் பேசவில்லை; நியாயம் பேசுகிற ஆளும் இல்லை. வர்க்கமூலம் என்ற சொல்லைக் கேட்டால் அடுத்து வரும் வரியையும் சொல்லிவிடுகிற நாக்கு அவருடையது. "சமன்பாட்டின் ஒரு பக்கத்துக்குச் செய்ததை மறுபக்கத்துக்கும் செய்ய வேண்டும்," என்றார்.

"எந்த மறுபக்கம்?"

"இந்தப் பக்கம் மார்க்குங்கய்யா... அந்தப் பக்கம் பாஸ் மார்க்." சொன்ன பிறகுதான் கண்ணுச்சாமிக்குத் தான் சொன்னது விளங்கியது. வேலை போய்விடும் என்று பயந்து கண்ணை மூடிக்கொண்டார்.

ஆனால் சீனிவாசகத்துக்கு அந்த வரி பிடித்துவிட்டது. மறுபடி எழுந்தார். "சமத்துவம்! நம்ம கழகத்தோட உயிர்மூச்சே அதுதான். தொழிலாளிக்கு ஒண்ணு, கழகத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு நீதி கிடையாது. முப்பத்தஞ்சுக்கும் மூலம் காணுங்க!"

அது கைடில் இல்லை. கண்ணுச்சாமி கண்ணைத் திறந்தார். பொன்னுத்தங்கம் மேசை இழுப்பறையிலிருந்து கால்குலேட்டரை எடுத்துத் தட்டினார். "அஞ்சு புள்ளி ஒன்பது ஒண்ணு ஆறு பூஜ்யம் ஏழு ஒன்பது ஏழு."

"அப்புறம்?"

"அதுக்கு மேல இதுல இடமில்ல அண்ணாச்சி."

"மெஷினுக்கு இடமில்லங்கிறதுக்காகக் கழகம் பாதியில நிறுத்துமா?"

"அய்யா," என்று வள்ளித்தாய் இடையில் புகுந்தாள். "எம்புட்டு நீண்டாலும் ஆறைத் தாண்டாதுல்ல? பதினொண்ணு பெருசுதானேய்யா?"

பொன்னுத்தங்கம் பொறுமையாக விளக்கினார். "பெருசா சிறுசான்னு கண்ணால பாத்துச் சொல்றது கடைத்தெரு வழக்கம். விதி இருபத்திரண்டு என்ன சொல்லுதுன்னா, தேர்ச்சி எண் முழுமையா நிர்ணயிக்கப்படாம தேர்வு முடிவை அறிவிக்கக் கூடாது. கணக்கு முடியட்டும். முடிஞ்ச அன்னைக்கே சான்றிதழ்."

முடிக்க ஓர் ஆள் வேண்டும். கழகத்தின் சான்றிதழ் பெற்றவர்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். முதல் வகுப்பில் தேறியவர்கள், பதக்கம் வாங்கியவர்கள் எல்லோரும் வந்து, முப்பத்தைந்து என்ற எண்ணைப் பார்த்து, இது பாடத்திட்டத்தில் இல்லை என்று உறுதியாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். கண்ணுச்சாமிக்கோ வகுப்பு வேலை இருந்தது. சீனிவாசகம் யோசித்து, பயனாளிதான் பங்களிக்க வேண்டும், இந்தக் காலத்தில் எல்லாத் திட்டமும் அப்படித்தான் நடக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார். வள்ளித்தாயின் முடிவுக்கான கணக்கை வள்ளித்தாயே போட வேண்டும். கழகக் கட்டடத்திலேயே உட்கார்ந்து போட வேண்டும். கம்பெனியில் கொடுக்கும் அதே கூலி. பணியின் காலம், கணக்கு முடியும் வரை. சான்றிதழ் இல்லாதவளை எப்படிப் பணியில் வைப்பது என்று பொன்னுத்தங்கம் தயங்கினார். வர்க்கமூலம் காண்பதற்குச் சான்றிதழ் வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை என்பது தெரிந்ததும் அவரும் ஒப்புக்கொண்டார்.

இப்படியாக வள்ளித்தாய் மருந்து ரூமிலிருந்து வெளியே வந்தாள். கணக்கு எப்படிப் போடுவது என்று மட்டும் தெரியவில்லை.

எழுதுவதற்கு விற்காமல் திரும்பி வந்த பழைய தினசரிக் காலண்டர்களைக் கட்டுக் கட்டாகக் கொடுத்திருந்தார்கள். முன்பக்கம் ராகுகாலம், பின்பக்கம் வெறுமை. கண்ணுச்சாமி வந்து உட்கார்ந்தார். கைடை நீட்டினார். "இதுல இருக்குற மாதிரியே..."

"இதுல முப்பத்தஞ்சு இல்லையே சார். எப்படின்னு தெரிஞ்சாத்தானே போட முடியும்?"

அவர் கைடை மூடி வைத்தார். பிறகு ஜன்னலில் கிடந்த காலிப் புஸ்வாணக் கூம்புகளை அள்ளிக்கொண்டு வந்தார். முதலாளி கம்பெனியின் சாம்பிள்கள். முப்பத்தைந்தை எண்ணி எடுத்துத் தரையில் சதுரமாக அடுக்கினார். வரிசைக்கு ஐந்து, ஐந்து வரிசை. பத்து மீதி நின்றது.

"சதுரத்தோட ஒரு பக்கம்தாம்மா மூலம். இப்ப அஞ்சு. இதை ஆறாக்கணும்னா என்ன செய்யணும்? இந்தப் பக்கம் அஞ்சு ஒட்டணும். அந்தப் பக்கம் அஞ்சு ஒட்டணும். மூலையில ஒண்ணு..." நிறுத்தினார். கையில் பத்துக் கூம்புதான் இருந்தது. மூலை காலி. கண்ணுச்சாமி அந்தக் காலி மூலையையே பார்த்தார். "ரெண்டு பக்கமும் ஒட்டணும். அதான் ரெட்டிப்பாக்கச் சொல்லுறான். ஈவை ரெட்டிப்பாக்கி எழுதுன்னு இத்தனை வருசமா கத்திக்கிட்டிருக்கேன். எதுக்குன்னு கைடுல போடவே இல்லம்மா."

"முழுசா ஒட்ட முடியல. அப்பக் கூம்பை வெட்டிச் சின்னச் சின்னதா ஒட்டணுமா சார்?"

"அதேதான். அதுக்குத்தான் புள்ளி வச்சு, ரெண்டு பூஜ்யம் இறக்குறது."

அன்றைக்கு வள்ளித்தாய் புள்ளிக்கு அடுத்து வரும் ஒன்பதைக் கண்டுபிடித்தாள். நூற்று ஒன்பதை ஒன்பதால் பெருக்கி, ஆயிரத்திலிருந்து கழித்துப் பத்தொன்பது மீதி. மறுநாள் ஒன்று. அப்புறம் ஆறு. பூஜ்யம் வந்தபோது தப்பாகிவிட்டதோ என்று பயந்தாள். பூஜ்யமும் ஒரு விடைதான் என்று கண்ணுச்சாமி சொன்னார். அடியில் நிற்கும் மீதி மட்டும் நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டே போனது. கை நடுக்கம் எப்போது நின்றது என்று அவள் கவனிக்கவில்லை.

ஒரு நாள் அவளே கேட்டாள். "சார், இது எப்ப முடியும்? கணக்கு முடிஞ்சாத்தானே சான்றிதழ்?"

கண்ணுச்சாமி வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "முடியாதும்மா."

"என்னால முடியாதுங்கீகளா?"

"யாராலயும் முடியாது. இதுக்குப் பேரே விகிதமுறா எண். போய்க்கிட்டே இருக்கும். மீதி இல்லாம ஒரு நாளும் நிக்காது."

வள்ளித்தாய் பென்சிலைக் கீழே வைத்தாள். சான்றிதழ் கிடையாது. பேக்கிங் செட் கிடையாது. கணக்கு முடியும் வரை இந்த நாற்காலி. கணக்கு முடியாது. வரிசையாக வைத்துப் பார்த்தாள், ஒவ்வொரு படியாக, இப்போது அது அவளுக்குப் பழகியிருந்தது.

"மொதலாளிக்குத் தெரியுமா சார்?"

"கைடுல இல்லையே."

"அப்ப நீங்களும் சொல்லிறாதீக." பென்சிலை எடுத்துக்கொண்டாள்.

ஆடி பிறந்து சீசன் சூடு பிடித்தது. மருந்து ரூம்களில் சுவரெழுத்து மறைய ஆள் உட்கார வைத்தார்கள். சுப்புத்தாய் ஒரு நாள் வேலை முடிந்து கையும் முகமும் அலுமினியப் பவுடராக வந்து நின்றாள். "சதுரகிரிச் சித்தர் மாதிரி ஜொலிக்கேனாடீ?" என்று சிரித்தாள். பிறகு சிரிக்காமல், "உன் இடத்துலயும் சேத்து ஆளு உக்கார வச்சிருக்காக வள்ளி. கால் நீட்ட இடமில்ல. ஒண்ணுன்னா எந்திரிச்சு ஓடக்கூட முடியாது," என்றாள்.

அந்த வாரமே சீனிவாசகம் கணக்கைப் பார்வையிட வந்தார். படிப்பு முடித்துத் திரும்பியிருந்த மகன் தருண்குமாரும் கூட வந்தான். காலண்டர் தாள்களை ஒட்டி ஒட்டி, கணக்கு அந்த அறையின் ஒரு சுவரை முடித்து அடுத்த சுவரில் ஏறியிருந்தது.

"அப்பா, இதை ரெண்டு டெசிமலோட நிறுத்திறலாம்," என்றான் தருண்குமார். "உலகம் பூரா அப்படித்தான் செய்யுறாங்க."

வள்ளித்தாயின் கை நின்றது.

"உலகம் செய்யும்," என்றார் சீனிவாசகம். "அதுக்கு மலர் போடுறதில்லை. நாம போடுறோம். பாதியில விட்ட கழகம்னு மலர்ல வரணுமா?" அவள் பக்கம் திரும்பினார். "என்னம்மா, இன்னும் எம்புட்டு இருக்கு?"

"போய்க்கிட்டிருக்குங்கய்யா. ஆனா தனியாப் போடுறதுல ஒரு பயம். நடுவுல ஒரு இடத்துல தப்பியிருச்சுன்னா கழகத்துக்குத்தான் கெட்ட பேரு. சரிபாக்க ஒரு ஆளு இருந்தா நல்லது. சுப்புத்தாய்னு ஒருத்தி மருந்து ரூம்ல இருக்கா. பன்னெண்டு மார்க் வாங்குனவ."

"பன்னெண்டா? பெயிலாச்சே."

"பாஸானவகளுக்குத்தான் இந்தக் கணக்கு வரலையேய்யா. பாடத்திட்டத்துல இல்லேன்னு போயிட்டாக."

சீனிவாசகத்துக்கு அது விதி போலத் தோன்றியது. பொன்னுத்தங்கத்திடம் குறித்துக்கொள்ளச் சொன்னார். இந்தக் கணக்குக்குப் பெயிலானவர்களை மட்டுமே அமர்த்த வேண்டும். கிளம்பும்போது சுவரருகே போய், கடைசித் தாளின் அடியில் கோட்டுக்குக் கீழே நின்ற நீளமான எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது என்னம்மா இங்கன?"

"மீதிங்கய்யா."

"மீதியா?" அவர் முகம் கடுமையானது. "நம்ம கழகம் எதையும் மீதி வச்சதில்லை. கேட்டுக்கோ. மீதி இருக்குற வரைக்கும் நீ இந்த நாற்காலியை விட்டு எந்திரிக்கக் கூடாது."

"சரிங்கய்யா," என்றாள் வள்ளித்தாய்.

அவர்கள் போன பிறகு புதுக் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து ஒட்டி, இரண்டு பூஜ்யங்களை இறக்கினாள்.